நடுங்கும் கை நின்றது!

மண்டையிலே துளை, மூளையிலே மின்சாரம், நோயாளியோ கண் விழித்தபடி இருக்கிறார்!

காந்தியடிகள் தரையில் அமர்ந்து காகிதம் ஒன்றைப் படித்துக் கொண்டிருக்கிறார். அவருக்கு முன்னால் ஒரு ராட்டை. இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் நம் நாட்டில் குறைவு.

படத்தை எடுத்தவர் ஒரு பெண்மணி. பெயர், மார்கரெட் பூர்க்-ஒயிட். அமெரிக்காவில் வெளிவந்த "லைப்" பத்திரிகையின் புகைப்படக்காரர்.

1946-ம் ஆண்டு புனாவில் எடுத்த படம் அது. காந்தியைப் படம் எடுக்க வேண்டுமானால் முதலில் ராட்டை சுற்றக் கற்றுக் கொள்ள வேண்டும் என்று காந்தியின் காரியதரிசி சொல்லிவிட்டார். அம்மையாரும் தரையில் உட்கார்ந்து நூல் நூற்கப் பழகினார். அதன் பிறகுதான் காமிராவை எடுத்தார். 1948-ம் ஆண்டு ஜனவரி 30-ந் தேதி காந்தி சுடப்பட்டார் அல்லவா? அதற்குச் சில மணி நேரத்துக்கு முன்பு கூட அவரைப் பேட்டி கண்டவர் இந்த அம்மையார்.

யுத்த களம், எஃகு ஆலை, ஆகாய விமானம் எல்லா இடத்துக்கும் காமிராவோடு போனவர் அவர். பயம் என்பது என்ன என்று தெரியாதவர்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு சோதனை வந்தது.

கைக்கு வந்த சோதனை

முதலில் இடது காலில் வலி. பிறகு நாற்காலியிலிருந்து எழுந்தால் நாலு அடி தள்ளாட்டம். அப்புறம் விரல்கள் விறைத்தன. காமிராவின் திருகைத் திருப்ப விரல் மறுத்தது. டாக்டர்கள் பார்த்தார்கள். அவருக்கு வந்திருந்தது பார்க்கின்சன் நோய். நம் ஊரில் நடுக்குவாதம் என்கிறோமே, அதுதான்.

கை விறைத்துப் போகாமல் இருக்கப் பழைய பத்திரிகைத் தாளை உருண்டையாகக் கசக்குவார். ஈரத் துண்டை முறுக்கிப் பிழிவார். ஒவ்வொரு நாளும் இதே வேலை. நோய் நிற்கவில்லை.

1959-ம் ஆண்டு அவர் நியூயார்க்கில் ஆபரேஷன் செய்து கொண்டார். டாக்டர் இர்விங் கூப்பர் என்பவர் மண்டையில் ஒரு துளை போட்டு, மூளைக்குள் ஆழத்தில் ஒரு சிறு இடத்தை அழித்தார். விறைப்பு தளர்ந்தது. விரல்கள் மறுபடி மடங்கின.

அந்தக் காலத்தில் இந்த நோயைச் சொல்லிக் கொள்ள எல்லோரும் வெட்கப்பட்டார்கள். அம்மையார் வெட்கப்படவில்லை. தம் ஆபரேஷனையே கட்டுரையாக எழுதி, படங்களோடு "லைப்" பத்திரிகையில் வெளியிட்டார். காந்தியைப் படம் எடுத்தது எவ்வளவு பெரிய காரியமோ, அதற்கு இது குறைந்தது அல்ல.

ஆனால் நோய் தீர்ந்துவிடவில்லை. உடம்பின் மறு பக்கத்திலும் தலை காட்டியது. 1961-ல் இரண்டாவது ஆபரேஷன். பிறகு பேச்சும் குழறியது. 1971-ம் ஆண்டு தமது 67-வது வயதில் காலமானார்.

மூளையின் ஓர் இடத்தை அழித்தால் கை சரியாகிறதா? இது என்ன வைத்தியம்? ரேடியோ கரகரத்தால் அதன் மேல் ஒரு தட்டு தட்டுவோமே, அது போலவா? விஷயத்தை அடியிலிருந்து பார்க்க வேண்டும்.

தெருவிலே கண்ட நோய்

லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்று ஒரு டாக்டர் இருந்தார். 1817-ம் ஆண்டு அவர் சிறிய புத்தகம் ஒன்று எழுதினார். ஆறு நோயாளிகளைப் பற்றிய புத்தகம். அந்த ஆறு பேரிலும் சிலரை அவர் தெருவில்தான் பார்த்தார்! சும்மா இருக்கும்போது கை நடுங்குகிறது. உடம்பு முன்னால் வளைகிறது. நடை சின்னச் சின்ன அடியாகி, ஓட்டமாக முடிகிறது. இதையெல்லாம் கவனித்து எழுதினார். அதனால் நோய்க்கு அவர் பெயரே வந்துவிட்டது.

அந்தப் புத்தகத்தில் ஒரு செய்தி இருக்கிறது. ஆறாவது நோயாளிக்கு ஒரு நாள் இரவு பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது. விழுந்த கையிலும் காலிலும் நடுக்கம் அடியோடு நின்றுவிட்டது! பிறகு பக்கவாதம் குணமாயிற்று. கூடவே நடுக்கமும் திரும்பி வந்தது.

மூளைக்குள் எங்கோ ஓர் இடம் கெட்டால் நடுக்கம் நிற்கும் என்பதற்கு இது முதல் தடயம். 135 ஆண்டுகள் இந்தத் தடயம் தூங்கிக் கிடந்தது என்றே சொல்ல வேண்டும்.

நோயின் மூல காரணம் என்ன? மூளையின் அடிப்பகுதியில் கறுப்பாக ஒரு திட்டு இருக்கிறது. அங்குள்ள உயிரணுக்கள் டோபமின் என்ற ரசத்தைச் சுரக்கின்றன. கை கால் அசைவு தங்கு தடையின்றி நடப்பதற்கு அந்த ரசம் வேண்டும். வண்டிச் சக்கரத்துக்கு மசகு எண்ணெய் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுக்குவாதத்தில் அந்த அணுக்கள் ஒவ்வொன்றாகச் சாகின்றன. நடுக்கம் வெளியே தெரியும்போது பாதிக்கு மேல் போயிருக்கும்.

ரசம் குறைந்ததும் மூளையின் வேறு சில பகுதிகள் தறிகெட்டு ஓடத் தொடங்குகின்றன. ஓயாமல் தப்பான உத்தரவு போடுகின்றன. அதுதான் நடுக்கம், அதுதான் விறைப்பு. உத்தரவு போடும் அந்த இடத்தை அடக்கிவிட்டால்?

அறுந்த ரத்தக்குழாய்

1952-ம் ஆண்டு. அதே டாக்டர் கூப்பர். நடுக்குவாதக்காரர் ஒருவருக்கு ஆபரேஷன் செய்து கொண்டிருந்தார். அவர் செய்ய நினைத்தது வேறு. மூளையிலிருந்து கை காலுக்குப் போகும் நரம்புப் பாதையை வெட்டுவது. நடுக்கம் போகும், ஆனால் கை பலவீனமாகும். அந்தக் காலத்தில் அதுவே பெரிய வைத்தியம்!

வெட்டும் முன்பே விபரீதம் நடந்துவிட்டது. மூளையின் ஆழத்துக்குப் போகும் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் கிழிந்தது. ரத்தம் பொங்கியது. கூப்பர் அவசரமாக அந்தக் குழாயை வெள்ளிக் கிளிப் போட்டு அடைத்தார். ஆபரேஷனை அத்தோடு நிறுத்திவிட்டார்.

நோயாளி கண் திறந்தார். நடுக்கம் இல்லை! விறைப்பு இல்லை! கை விழவும் இல்லை!

ரத்தம் போகாமல் பட்டுப் போன அந்தச் சிறு பகுதிதான் தறிகெட்ட உத்தரவு போட்டுக் கொண்டிருந்த இடம்.

தற்செயல்தான். ஆனால் தற்செயலாக நடப்பதை எல்லோரும் கவனிப்பதில்லை. கூப்பர் கவனித்தார். பிறகு அந்த இடத்திலும், அதன் அருகிலுள்ள தாலமஸ் என்ற இடத்திலும் ஆல்கஹால் செலுத்தி அழித்துப் பார்த்தார். 1961 முதல் திரவ நைட்ரஜனைக் கொண்டு அந்த இடத்தை உறைய வைத்தார்.

மூளைக்கு விலாசம்

மூளை பார்ப்பதற்கு ஒரே மாதிரி கூழாக இருக்கும். இதில் ஆழத்தில் உள்ள ஒரு புள்ளியை, மேலே உள்ளதைக் கெடுக்காமல் எப்படித் தொடுவது?

ஊர் தெரிந்தால் போதாது. தெருவும் கதவு எண்ணும் தெரிய வேண்டும். அதற்கு ஒரு கருவி வந்தது. 1908-ல் லண்டனில் ஹார்ஸ்லி, கிளார்க் என்ற இருவர் மிருகங்களின் மூளையை ஆராய்வதற்காக ஒரு சட்டம் செய்தார்கள். தலையை அதில் அசையாமல் பொருத்துவார்கள். மேல்-கீழ், முன்-பின், இடம்-வலம் என்று மூன்று அளவு. மூன்று அளவும் சேரும் இடத்துக்கு ஊசி நேராகப் போய் நிற்கும். 1947-ல் அமெரிக்காவில் ஸ்பீகல், வைசிஸ் என்ற டாக்டர்கள் இதை மனிதனுக்குப் பயன்படுத்தினார்கள். இரண்டு ஆண்டுகளில் சுவீடனில் டாக்டர் லெக்செல் இன்னும் நல்ல சட்டம் ஒன்று செய்துவிட்டார்.

சென்னையிலும் நடந்தது

இந்த வைத்தியம் மேல்நாட்டோடு நின்றுவிடவில்லை. இந்தியாவில் மூளை ஆபரேஷனுக்கென்று முதல் பிரிவு 1949-ல் வேலூரில் தொடங்கியது. தொடங்கியவர் டாக்டர் ஜேக்கப் சாண்டி. மறு ஆண்டு, 1950-ல், டாக்டர் பி.ராமமூர்த்தி சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் தொடங்கினார். 1960-க்குப் பிறகு ராமமூர்த்தியும் டாக்டர் வி.பாலசுப்பிரமணியமும் அவர்களுடைய தோழர்களும் தலைச் சட்டம் பொருத்திச் செய்யும் ஆபரேஷன்களை அங்கே செய்தார்கள். நடுக்குவாதக்காரர்கள் பலர் அங்கே வந்து பலன் பெற்றார்கள்.

அந்தக் குழுவில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். டி.எஸ்.கனகா. 1968-ல் மூளை அறுவையில் எம்.எஸ். பட்டம் பெற்றார். ஆசியாவிலேயே மூளை ஆபரேஷன் செய்த முதல் பெண்மணிகளில் ஒருவர். பெண் டாக்டர் என்றால் பிரசவம் பார்ப்பவர் என்றே ஊர் நினைத்த காலம் அது! நிரந்தரமாக மூளைக்குள் மின்கம்பி வைக்கும் சிகிச்சையை 1975-லேயே இந்தியாவில் செய்தவர் அவர். 2018-ல் காலமானார்.

பயந்ததற்குக் காரணம்

இத்தனை நல்லது நடந்தும், மூளை ஆபரேஷன் என்றால் ஜனங்கள் நடுங்கினார்கள். காரணம் இல்லாமல் இல்லை.

1935-ல் போர்த்துக்கல் நாட்டு டாக்டர் மோனிஸ் ஒரு காரியம் செய்தார். மன நோயாளிகளின் நெற்றிப் பக்க மூளையில் நரம்பு இழைகளைத் துண்டித்தார். அவர்கள் அமைதி அடைந்தார்கள் என்றார். அதற்காக 1949-ல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது!

அமெரிக்காவில் வால்டர் பிரீமன் என்ற டாக்டர் இதை ஊர் ஊராகக் கொண்டு போனார். ஐஸ் கட்டியைக் குத்தும் ஊசி போன்ற ஒரு கருவி. அதைக் கண்விழிக்கு மேலே உள்ள எலும்பு வழியாகச் சுத்தியால் தட்டி இறக்குவார். சில நிமிஷ வேலை. இப்படி ஆயிரக்கணக்கானவர்களுக்குச் செய்தார்கள். பலர் அமைதியானார்கள் என்பது உண்மை. சிரிப்பும் கோபமும் ஆசையும் போன பிறகு அமைதிக்கு என்ன குறை?

அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜான் கென்னடிக்கு ரோஸ்மேரி என்று ஒரு தங்கை. படிப்பில் பின்தங்கியவர். வயது வந்ததும் கோபம் அதிகமாயிற்று. 1941-ல், 23-வது வயதில், தகப்பனார் ஏற்பாட்டில் பிரீமனும் இன்னொரு டாக்டரும் அவருக்கு ஆபரேஷன் செய்தார்கள். ரோஸ்மேரி விழித்திருந்தார். அவரைப் பேசச் சொல்லிக் கொண்டே வெட்டினார்கள். பேச்சு குழறியதும் நிறுத்தினார்கள்.

அதன் பிறகு அவரால் நடக்க முடியவில்லை. சரியாகப் பேச முடியவில்லை. ஒரு விடுதியில் பல்லாண்டு காலம் வாழ்ந்து 2005-ல் இறந்தார்.

வெட்டிய மூளை ஒட்டாது. தவறு செய்துவிட்டால் திருத்த வழியே இல்லை. இதுதான் அந்த ஆபரேஷனின் பெரிய கோளாறு. சோவியத் ரஷ்யா 1950-லேயே அதைத் தடை செய்தது. மன நோய்க்கு மாத்திரைகள் வந்ததும் மற்ற நாடுகளிலும் மெல்ல மறைந்தது.

சென்னையிலும், ஜப்பானில் டோக்கியோவிலும் முரட்டுக் குணமும் ஓயாத துறுதுறுப்பும் உள்ள நோயாளிகளுக்கு மூளையில் ஒரு சிறு புள்ளியைச் சுட்டு அடக்கும் ஆபரேஷன்கள் நடந்தன. குழந்தைகளுக்கும் நடந்தன. பெற்றோர்கள்தான் தாங்க முடியாமல் அழைத்து வந்தார்கள். ஆனாலும், குழந்தையிடம் யார் சம்மதம் கேட்டது? இன்று அப்படிச் செய்ய முடியாது. 2017-ம் ஆண்டு மனநலச் சட்டப்படி, மன நோய்க்காக மூளை ஆபரேஷன் செய்ய வேண்டுமானால் நோயாளியே விஷயம் தெரிந்து சம்மதிக்க வேண்டும். அதற்கென்று உள்ள வாரியமும் அனுமதி தர வேண்டும்.

மாத்திரை வந்தது

1967-ல் நடுக்குவாதத்துக்கு எல்-டோபா என்ற மருந்து வந்து சேர்ந்தது. நியூயார்க் மாகாணத்தில் டாக்டர் கோட்சியாஸ் அதை அதிக அளவில் கொடுத்துப் பார்த்தார். படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். கத்திக்கு இனி வேலை இல்லை என்று எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த எல்-டோபா நம் நாட்டுப் பூனைக்காலி விதையில் இருக்கிறது. அந்த விதையிலிருந்து அதை 1937-லேயே பிரித்து எடுத்தவர்கள் தாமோதரன், ராமசாமி என்ற இரு ஆராய்ச்சியாளர்கள். (அதற்காக யாரும் பூனைக்காலி விதையை இடித்துத் தின்ன வேண்டாம். அளவு தெரியாமல் சாப்பிட்டால் ஆபத்து.)

ஆனால் சில ஆண்டுகள் போனதும் மருந்தின் இன்னொரு முகம் தெரிந்தது. மாத்திரை வேலை செய்யும் நேரம் குறைந்து கொண்டே வந்தது. வேலை செய்யும் நேரத்திலோ கையும் காலும் தம் இஷ்டத்துக்கு நெளிந்தன. காலையில் கட்டை மாதிரி விறைப்பு. மாத்திரை போட்டால் பாம்பு மாதிரி நெளிவு. இரண்டுக்கும் நடுவில் நல்ல நேரம் கொஞ்சமே.

டாக்டர்கள் மறுபடி மூளையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வலிக்கு வைத்த கம்பி

இதற்கிடையே வேறு ஒரு பக்கத்தில் வேறு ஒரு வேலை நடந்தது. தீராத வலிக்கு மருந்து தேடும் வேலை.

1965-ல் மெல்சாக், வால் என்ற இருவர் ஒரு புதுக் கருத்தைச் சொன்னார்கள். வலி நேராக மூளைக்குப் போவதில்லை. முதுகுத் தண்டில் ஒரு வாசல் இருக்கிறது. அதைத் திறக்கலாம், மூடலாம் என்பது அவர்கள் கருத்து. அடிபட்ட இடத்தை நாம் தேய்த்து விடுகிறோமே, ஏன்? தேய்க்கும் உணர்ச்சி முந்திக் கொண்டு போய் வாசலை அடைக்கிறது. வலி வெளியே நிற்கிறது.

1967-ல் அமெரிக்காவில் டாக்டர் ஷீலி, புற்றுநோய் வலியால் துடித்த ஒருவருக்கு முதுகுத் தண்டின் மேல் மின்கம்பி வைத்து லேசான மின்சாரம் கொடுத்தார். வலி குறைந்தது. பிறகு மூளைக்குள்ளும் சிலருக்குக் கம்பி வைத்தார்கள். உடம்புக்குள் வைக்கும் சிறு மின்கருவிகள் தயாராகி விற்பனைக்கு வந்தன. கருவி தயார். நடுக்குவாதத்துக்கு அதைப் பயன்படுத்தலாம் என்று கண்டு சொல்ல ஓர் ஆள் வர வேண்டியிருந்தது.

பிரான்சில் நடந்தது

பிரான்சு நாட்டில் கிரெனோபிள் என்று மலைகள் சூழ்ந்த ஊர். அங்கே அலிம் லூயி பெனாபிட் என்ற டாக்டர். வைத்தியமும் படித்தவர், பௌதிகமும் படித்தவர்.

1987-ம் ஆண்டு அவர் நடுக்கக்காரர் ஒருவருக்குப் பழைய முறைப்படி தாலமஸில் ஒரு புள்ளியைச் சுட இருந்தார். சுடும் முன்பு, ஊசி சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க லேசாக மின்சாரம் விடுவது வழக்கம். பெனாபிட் மின்துடிப்பின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார். மெதுவாக விட்டால் நடுக்கம் கூடியது. வேகத்தை ஏற்றினார். வினாடிக்கு 100 துடிப்பு ஆனது.

கை நின்றுவிட்டது!

மின்சாரத்தை நிறுத்தினார். கை நடுங்கியது. மறுபடி விட்டார். நின்றது. விளக்கைப் போட்டு அணைப்பது போல!

அங்கேதான் அவர் மூளை வேலை செய்தது. சுட்டால்தான் நடுக்கம் நிற்கும் என்பதில்லை. மின்சாரத்தாலேயே அடக்கலாம் என்றால், எதற்காகச் சுட வேண்டும்? கம்பியை உள்ளேயே விட்டுவிட்டால் என்ன?

இதில் இன்னொரு லாபமும் இருந்தது. மூளையின் ஒரு பக்கத்தைச் சுட்டால் உடம்பின் ஒரு பக்கம்தான் சரியாகும். இரண்டு பக்கமும் சுட்டால் பேச்சும் விழுங்கும் சக்தியும் கெடும் அபாயம் அதிகம். அதனால் ஒரு கையைக் காப்பாற்றி, மறு கையை விதிக்கு விட்டுவிட வேண்டியிருந்தது. மின்கம்பி வைத்தால் இரண்டு பக்கமும் வைக்கலாம். அளவு கூடினால் குறைக்கலாம். பிடிக்காவிட்டால் நிறுத்தலாம். கையில் திருகு இருக்கிறது அல்லவா!

பெனாபிட்டும் நரம்பு வைத்தியர் பியேர் போலாக்கும் வலிக்காக இருந்த கருவியை எடுத்து நடுக்கத்துக்கு வைத்தார்கள்.

கம்பி வைக்க இன்னும் நல்ல இடம் எது என்பதையும் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள். அந்தக் கதை விசித்திரமானது. 1982-ல் கலிபோர்னியாவில் சில வாலிபர்கள் திருட்டுத்தனமாகச் செய்த போதை மருந்தை ஊசி போட்டுக் கொண்டார்கள். சில நாளில் சிலை போல உறைந்துவிட்டார்கள்! பேச்சு இல்லை, அசைவு இல்லை. டாக்டர் வில்லியம் லாங்ஸ்டன் பார்த்தார். வாலிபர்களுக்குக் கிழவர் நோய்! அந்த மருந்தில் கலந்திருந்த ஒரு நஞ்சு, டோபமின் அணுக்களைக் கொன்றிருந்தது.

அந்த நஞ்சு ஆராய்ச்சிக்குப் பயன்பட்டது. அதைக் குரங்குகளுக்குக் கொடுத்து நோயை வரவழைத்தார்கள். 1990-ல் டாக்டர் டிலாங்கும் தோழர்களும், தாலமஸுக்கு அடியில் உள்ள ஒரு சிறு முடிச்சு அந்தக் குரங்குகளில் தறிகெட்டு ஓடுகிறது என்றும், அதை அடக்கினால் குரங்கு எழுந்து நடக்கிறது என்றும் காட்டினார்கள். முடிச்சு ஒரு காப்பிக் கொட்டை அளவுதான். 1993-ல் கிரெனோபிளில் மனிதருக்கு அந்த முடிச்சில் கம்பி வைத்தார்கள். நடுக்கம் மட்டுமல்ல, விறைப்பும் மந்தமும் குறைந்தன. மாத்திரையையும் குறைக்க முடிந்தது. 2014-ல் பெனாபிட்டுக்கும் டிலாங்குக்கும் சேர்த்து லாஸ்கர் பரிசு அளித்தார்கள். உலகத்தில் இதுவரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தக் கருவியை வைத்துக் கொண்டிருக்கிறார்கள்.

ஆபரேஷன் எப்படி?

முதலில் தலையில் சட்டத்தைத் திருகி மாட்டுகிறார்கள். தோல் மரத்துப் போக ஊசி போட்டிருப்பதால் வலி தாங்கக் கூடியது. பிறகு தலையைப் படம் எடுத்து, கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டு, முடிச்சு இருக்கும் இடத்தின் விலாசத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

மண்டையில் ஒரு ரூபாய் நாணயத்தை விடச் சிறிய துளை. பல இடங்களில் நோயாளியைத் தூங்க வைப்பதில்லை. மூளையைத் தொட்டால் வலிக்காதா? வலிக்காது! உடம்பின் எல்லா வலியையும் உணரும் மூளைக்குத் தன்னைக் குத்தினால் வலி தெரியாது.

மயிரிழை போன்ற ஒரு கம்பி மெல்ல மெல்ல உள்ளே இறங்குகிறது. அது நரம்பணுக்களின் மின்துடிப்பை ஒலியாக மாற்றித் தருகிறது. வெறும் இடத்தில் அமைதி. முடிச்சைத் தொட்டதும் தகரக் கூரையில் மழை பெய்வது போல ஓசை. ஓசையைக் கேட்டே இடம் கண்டு கொள்கிறார்கள்.

பிறகு நிரந்தரக் கம்பியை இறக்குகிறார்கள். ஒன்றேகால் மில்லிமீட்டர் கனம். மின்சாரம் விடுகிறார்கள். இனி நோயாளிதான் சொல்ல வேண்டும்.

கையை நீட்டச் சொல்கிறார்கள். விரலைத் தட்டச் சொல்கிறார்கள். காகிதத்தில் வட்டம் போடச் சொல்கிறார்கள். பெயரையும் ஊரையும் கேட்கிறார்கள். வாய் கோணினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ கம்பி சற்றே தள்ளிப் போயிருக்கிறது என்று அர்த்தம். ரோஸ்மேரியையும் இப்படித்தான் பேசச் சொன்னார்கள். அன்று, பேச்சு கெடும் வரை வெட்டினார்கள். இன்று, பேச்சு கெடாமல் இருக்கக் கேட்கிறார்கள்.

2017-ல் பெங்களூரில் ஒரு வாலிபர் ஆபரேஷன் மேஜையிலேயே கிதார் வாசித்தார். கிதார் வாசித்தால் மட்டும் அவர் விரல்கள் மடங்கிக் கொள்ளும். டாக்டர்கள் மூளையில் புள்ளியைச் சுடச் சுட, அவர் வாசித்துக் காட்டி, விரல் விடுபட்டதைச் சொன்னார். சுடும் முறை இன்றும் அடியோடு போய்விடவில்லை என்பதற்கு இது உதாரணம். ஒரே பக்கம், ஒரே சிறு புள்ளி என்றால் அது போதும்; செலவும் குறைவு.

கம்பி வைத்தவர்களுக்கு, தோலுக்கு அடியில் கழுத்து வழியாக ஒரு வயர் வருகிறது. மார்பில் காறை எலும்புக்குக் கீழே தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரிய கருவி. அதற்குள் பாட்டரி. வினாடிக்குச் சுமார் 130 துடிப்பு. இரவும் பகலும் ஓடுகிறது. வெளியே எதுவும் தெரியாது.

எது தீரும், எது தீராது?

இதைக் குடும்பத்தார் நன்றாகத் தெரிந்து கொள்ள வேண்டும். இது நோயைக் குணப்படுத்துவதில்லை. சாகும் அணுக்கள் செத்துக் கொண்டுதான் இருக்கும். நடுக்கம், விறைப்பு, மருந்தால் வந்த நெளிவு ஆகியவை குறையும். மாத்திரை போட்டதும் எது சரியாகிறதோ, அது பெரும்பாலும் கருவியாலும் சரியாகும். மாத்திரைக்கு அசையாத தள்ளாட்டம், ஞாபக மறதி ஆகியவை கருவிக்கும் அசையா. ஞாபக சக்தி ஏற்கெனவே கெட்டவர்களுக்கு டாக்டர்கள் இதைச் செய்யத் தயங்குவார்கள்.

நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ மூளையில் ரத்தம் கசியலாம். இன்னும் சிலருக்குக் கருவி வைத்த இடத்தில் சீழ் பிடிக்கலாம். பேச்சு சிலருக்கு மங்குகிறது. சிலருக்குக் குணம் மாறுகிறது. சோர்வோ அளவுக்கு மீறிய உற்சாகமோ வருகிறது. இதை நோயாளி தாமாகக் கண்டு கொள்ள மாட்டார். வீட்டில் இருப்பவர்கள்தான் கவனித்து டாக்டரிடம் சொல்ல வேண்டும். மின்சாரத்தின் அளவை மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

செலவு பல லட்சம் ரூபாய். சாதாரண பாட்டரியைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும், அதற்கும் செலவு. சார்ஜ் ஏற்றும் பாட்டரி நீண்ட காலம் வரும். ஆனால் தவறாமல் சார்ஜ் ஏற்ற வேண்டும். இதைக் கேட்டுக் கொள்ளாமல் நிலத்தை விற்றுவிடக் கூடாது.

மன நோய்க்குமா?

கையை அடக்கிய கம்பி மனத்தையும் அடக்குமா? இந்தக் கேள்வி வராமல் இருக்குமா!

சிலர் கையைக் கழுவிக் கொண்டே இருப்பார்கள். பூட்டிய கதவை நூறு தரம் இழுத்துப் பார்ப்பார்கள். அசட்டுத்தனம் அல்ல, அது ஒரு நோய். 1999-ல் பெல்ஜியம் நாட்டு டாக்டர்கள், எந்த மருந்துக்கும் அடங்காத அப்படிப்பட்ட நோயாளிகளுக்குக் கம்பி வைத்தார்கள். சிலருக்குப் பலன் தெரிந்தது.

2005-ல் கனடாவில் டாக்டர் ஹெலன் மேபர்க், கடுமையான மனச்சோர்வில் கிடந்த ஆறு பேருக்குச் செய்தார். மின்சாரம் விட்டதும், மேஜையில் படுத்திருந்தபடியே மனம் லேசானதாகச் சிலர் கூறினார்கள். ஆறு பேரில் நான்கு பேர் தேறினார்கள். உலகமே பேசியது.

பிறகு பெரிய அளவில் சோதனை நடத்தினார்கள். எல்லோருக்கும் கம்பி வைத்து, ஒரு பகுதியினருக்கு மட்டும் மின்சாரம் விடுவது போன்ற சோதனை. சில மாதத்தில் பார்த்தால் இரு சாராருக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சோதனையைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அதே நோயாளிகளில் பலர், ஓரிரு ஆண்டு சென்ற பிறகு தேறினார்கள்! மனம் கை போல அல்ல. உடனே பதில் சொல்வதில்லை. மன நோய்க்கு இது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் பெரும்பாலும் இருக்கிறது. கை நடுக்கத்துக்கு உள்ள நிச்சயம் இதற்கு இல்லை.

துளையே இல்லாமல்

2016 முதல் வேறு ஒரு முறையும் வந்திருக்கிறது. காதுக்குக் கேட்காத ஒலி அலைகளை நாலா பக்கமிருந்தும் மூளையின் ஒரே புள்ளியில் குவிக்கிறார்கள். பூதக்கண்ணாடியால் வெயிலைக் குவித்துக் காகிதத்தைச் சுடுவோமே, அது மாதிரி. கத்தியும் இல்லை, துளையும் இல்லை. ஆனால் இதுவும் சுடும் முறைதான். சுட்டது சுட்டதே. வேண்டாம் என்றால் அணைக்க முடியாது.

கம்பி வைக்கும் முறையிலும் மாற்றம் வந்துகொண்டிருக்கிறது. இதுவரை மார்பிலிருந்த கருவி, நோயாளி தூங்கினாலும் நடந்தாலும் ஒரே அளவில் மின்சாரம் விட்டது. இப்போது கருவி மூளையின் துடிப்பைக் காது கொடுத்துக் கேட்கிறது. தறிகெட்ட ஓசை கூடினால் மின்சாரத்தைக் கூட்டுகிறது, குறைந்தால் குறைக்கிறது. இந்த வகைக் கருவிக்கு அமெரிக்க அரசு 2025-ல் அனுமதி அளித்தது.